மாறிலியின் அண்ணி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் மாறிலி. பள்ளிக்கூடக் கணக்கில் படித்திருப்பீர்கள். மாறியின் மதிப்பு மாறும், மாறிலியின் மதிப்பு மாறாது. பெயர் சூட்டியவன் அங்கே மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற சோதனைக்காரன். வாய்த்துடுக்கு அவனுக்குக் கூடப் பிறந்தது. ஆனால் பெயர் பொருத்தம்தான் என்று அவளே ஒப்புக்கொள்வாள், கொஞ்சம் பெருமையோடு. யார் என்ன சொன்னாலும் அவள் மாறுவதில்லை. அவள் எழுதுகிற நிரலிலும் எதுவும் மாறுவதில்லை.

இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பின்னால் நடந்த கூத்து அத்தனைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போகிற வண்டிகளுக்கு அந்த நிறுவனம் மென்பொருள் செய்து கொடுத்தது. யாரை, எந்த வீட்டில், எப்போது ஏற்ற வேண்டும் என்று அது ஓட்டுநரின் கைபேசிக்குச் சொல்லும். நிரல் எழுதியிருந்த மொழி ஆப்ஜெக்டுகளின் மொழி. ஒவ்வொரு பயணியும் அதில் ஓர் ஆப்ஜெக்ட். முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதற்குள் இருக்கும். முகவரி மாறினால் பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதுவார்கள், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி. ஒரே பலகையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழித்து எழுதினால் என்ன ஆகும்? ஆனது. பழைய தெருவும் புதிய கதவு எண்ணும் கலந்துபோய், இல்லாத வீடுகளைத் தேடி வண்டிகள் சுற்றின. ஓட்டுநர்கள் போனில் அர்ச்சனை செய்தார்கள்.

மாறிலிதான் அதற்கு முடிவு கட்டினாள். அவள் ஃபங்ஷனல் முறையில் ஊறியவள். அந்த முறையின் முதல் பாடம், எதையும் அழிக்காதே என்பது. ஓர் ஆப்ஜெக்ட் பிறந்தால் பிறந்தபடியே இருக்கும். மாற்றம் வேண்டுமென்று கேட்டால், மாற்றத்தோடு புதிய பிரதி ஒன்றை எடுத்து நீட்டும். பழையது பழையபடியே கிடக்கும். நீட்டியதைக் கையில் வாங்கிக்கொள்வது கேட்டவர் பாடு. அச்சுப்பொறியில் ஒரு பக்கத்தை அடித்துவிட்டு எடுக்க மறந்து வந்துவிட்டால் அது தட்டிலேயே கிடக்குமே, அப்படி, வாங்காத பிரதி வீண். இந்தப் பாடத்தை அவள் ஆப்ஜெக்டுகளின் மொழிக்குள்ளேயே புகுத்தினாள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற நீளநீளமான சுழல்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வடிகட்டு, உருமாற்று, ஒன்றுசேர் என்று சின்னச் சின்ன வேலைகளாகக் கோத்தாள். குளறுபடி நின்றது. மேலாளர் எல்லோருக்கும் கேக் வாங்கினார். மாறிலி அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை.

ஒன்றை மட்டும் அவள் செய்யாமல் விட்டாள். பழைய முறையில் ‘முகவரியை மாற்று’ என்று ஒரு கட்டளை இருந்தது. அவள் கைபட்ட பிறகு அது எதையும் மாற்றுவதில்லை, பிரதியைத்தான் தருகிறது. ஆனாலும் பெயரை அப்படியே வைத்துக்கொண்டாள். பெயரைத் திருத்தப் போனால் எல்லாருடைய கோப்புகளையும் தொட வேண்டும், ஆளாளுக்கு முணுமுணுப்பார்கள்.

“உள்ள என்ன நடக்குதுன்னு குறிப்புல தெளிவா எழுதியிருக்கேன். படிச்சுக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள்.

குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளே யார் எழுதிய குறிப்பையும் படித்ததில்லை.

அண்ணி வேலைக்கு வந்தது அதற்குப் பிறகு.

அண்ணியும் ஒரு காலத்தில் நிரல் எழுதியவள்தான், மாறிலி கல்லூரியில் காலெடுத்து வைப்பதற்கு முன்பே. மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டாள். அந்த மாமியார் மாறிலியைப் பெற்ற தாய். மகள் அலுவலகம் போனாள், மருமகள் வீட்டில் நின்றாள். யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இல்லை. சில வீடுகளில் சில முடிவுகள் தானாக எடுக்கப்பட்டுவிடும், அவை எப்போதும் ஒரே ஆளின் தலையில்தான் வந்து இறங்கும். அம்மா கண்ணை மூடிய பிறகு அண்ணி பல இடங்களில் வேலைக்கு அலைந்தாள். இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். படுக்கைப்புண் வராமல் ஒரு ஆளைத் திருப்பிப் போட்டேன் என்று சொல்லவா முடியும்?

“அண்ணி, நீங்க சும்மா வாங்க. நான் இருக்கேன்ல” என்று மாறிலிதான் அழைத்துக்கொண்டு வந்தாள். மேலாளர் தகுதிகாண் காலத்தில் வைத்துக்கொண்டார். அது நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம். அண்ணி புதிய கைப்பை வாங்கினாள். சோதனைக்காரன் முதல் நாளே அவளை “அண்ணி” என்று கூப்பிட, மொத்த அலுவலகத்துக்கும் அவள் அண்ணி ஆகிப்போனாள்.

அவளுக்குக் கொடுத்த வேலை, தொலைபேசியில் அழைப்பவர்களிடம் விவரம் கேட்டுத் திருத்துகிற திரை. எண்ணைத் திருத்துகிற பகுதியை மாறிலி முன்பே எழுதி வைத்திருந்தாள். முகவரிப் பகுதியை அண்ணி எழுதினாள், கைப்பழக்கத்தில், பழைய முறையில். ‘முகவரியை மாற்று’ என்று கட்டளையிட்டாள், அடுத்த வரியில் பயணியைச் சேமித்தாள். கட்டளை நீட்டிய பிரதியை வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று அந்தப் பெயர் அவளிடம் சொல்லவும் இல்லை. பழைய பயணியே மறுபடி சேமிக்கப்பட்டார். திரையோ ‘மாற்றப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டியது.

இந்த நிரலைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டியவள் மாறிலி. பக்கத்துக் கடையில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டே கைபேசியில் ‘சரி’ என்று அழுத்தினாள். அண்ணி எழுதியது, சரியாகத்தான் இருக்கும்.

துணி தைத்துப் பிழைத்த ஓர் அம்மா, மாடிப்படி ஏற முடியாமல் பழைய வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குக் குடிபோனாள். மகள் ஒரு துணிக்கடையில் கணக்காளர். அவள் அழைத்து அம்மாவின் புதிய முகவரியைச் சொன்னாள், பழைய வீட்டு எண்ணுக்குப் பதிலாகத் தன் கைபேசி எண்ணையும் சொன்னாள். மாற்றியாகிவிட்டது என்று பதில் வந்தது. வண்டி பழைய வீட்டுக்கே போனது. ஓட்டுநர் கதவைத் தட்டினார். பிறகு அவசரத் தொடர்பு என்று இருந்த எண்ணை அழைத்தார். பூட்டின வீட்டுக்குள்ளே போன் அடிக்கிற சத்தம் அவர் காதில் விழுந்தது. ‘ஆள் இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மகள் வீட்டில் அந்த அம்மா வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மகள் சண்டை போட்டாள், மறுபடி விவரம் கேட்டு வாங்கினார்கள், மறுபடி பச்சை எழுத்து வந்தது. அடுத்த முறையும் வண்டி பூட்டின வீட்டுக்கே போனது. அந்த அம்மா, கடைக்கு வேலைக்குப் போயிருந்த மகளைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று மாலை வரை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் கால் வீங்கி, நெஞ்சில் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள்.

மறுநாள் காலை கண்ணாடி அறையில் கூட்டம். மேலாளர், சோதனைக்காரன், மாறிலி, அண்ணி. மருத்துவமனை நிர்வாகம் சாயங்காலத்துக்குள் காரணம் கேட்டிருந்தது.

மேலாளர் நிரலைப் பெரிய திரையில் போட்டார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எழுதியவர் பெயர் இருக்கும். முகவரி வரிக்குப் பக்கத்தில் அண்ணியின் பெயர் இருந்தது.

“இது நான் எழுதினதுதான்” என்றாள் அண்ணி. “மாத்தச் சொல்லி, சேமிக்கச் சொல்லியிருக்கேனே. இதுல எங்க தப்பு?”

மாறிலி எழுந்து பலகைக்குப் போனாள். மார்க்கரை எடுத்து இரண்டு கட்டம் போட்டாள், பழைய பயணி, புதிய பயணி. நடுவில் ஓர் அம்புக்குறி. “இந்த முறையில எதுவும் மாறாது. புதுசு ஒண்ணு கையில வரும். அதை வாங்கிக்கணும். இவங்க வாங்கல. பழசையே திரும்பச் சேமிச்சிருக்காங்க.” அவள் குரல் தெளிவாக இருந்தது. விளக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ‘இவங்க’ என்று அண்ணியைச் சொன்னது அவள் காதிலேயே உறைத்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“மாற்றுன்னு பெயர் வச்சா மாத்தும்னுதானே நினைப்பாங்க?” என்றான் சோதனைக்காரன்.

“குறிப்புல இருக்கு.”

“சரி, இதைச் சரிபார்த்து விட்டது யாரு?” என்று அவன் விடவில்லை.

அண்ணி மாறிலியின் முகத்தைப் பார்த்தாள். மாறிலி பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே போட்டிருந்த அம்புக்குறியை இன்னும் தடிமனாக்கினாள். நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது.

“அதெல்லாம் சம்பிரதாயம்பா, யாரு உக்காந்து படிக்கிறா” என்று மேலாளரே அதை மூடிவிட்டார். “போன் நம்பர் விஷயம் என்ன? புது நம்பரும் குடுத்தேன்னு அந்தப் பொண்ணு சாதிக்குது. ஓட்டுநருக்குப் போனது பழைய நம்பர்.”

“அந்தப் பகுதி நான் எழுதினது. அதுல பிரச்சினை இருக்காது” என்றாள் மாறிலி. திறந்துகூடப் பார்க்கவில்லை.

“அப்போ பதட்டத்துல அது குடுக்க மறந்திருக்கும்” என்று மேலாளர் அப்படியே எழுதிக்கொண்டார். சாயங்காலம் மருத்துவமனைக்குப் போன பதிலில் இரண்டு காரணங்கள் இருந்தன. புதிய ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு. குடும்பத்தார் தொடர்பு எண்ணைப் புதுப்பிக்கத் தவறியது.

அண்ணியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அவள் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, புதிய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். மாறிலி கழிப்பறையில் நின்று முகத்தைக் கழுவினாள், துடைத்தாள், திரும்பவும் கழுவினாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அண்ணன் போன் செய்தான். “ஏய், நீ ரொம்பப் பேசினியாமே அவளுக்காக? வந்து சொன்னா. மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டினியாம். போகுது விடு, வேலை போனா இன்னொண்ணு. தங்கச்சின்னா இப்படி இருக்கணும்னு சொல்லிட்டு இருந்தேன்.”

மாறிலிக்கு நடுத்தெருவில் கால் நின்றுவிட்டது. அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் ஒன்றும் வந்துவிடக் கூடாதென்று அண்ணி பொய் சொல்லியிருக்கிறாள். வேலை போன அன்றைக்கு, வீட்டுக்குப் போன கையோடு, அவள் முதலில் காப்பாற்றியது மாறிலியை.

“ஆமாண்ணா” என்றாள். வேறென்ன சொல்வது? சொல்ல எவ்வளவோ இருந்தது. அவள் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான், அதற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

குற்ற உணர்ச்சி வந்தால் சிலர் கோவிலுக்குப் போவார்கள், சிலர் குடிப்பார்கள். மாறிலி நிரலைத் திருத்த உட்கார்ந்தாள். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. ‘முகவரியை மாற்று’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘புதிய முகவரியோடு பிரதி’ என்று வைத்தாள். ‘எண்ணை மாற்று’ என்பதற்கும் அதே வைத்தியம். போதாதென்று, இந்தக் கட்டளைகள் தருகிற பிரதியை யாராவது வாங்காமல் விட்டால் நிரலை ஓட விடுவதற்கு முன் படித்துப் பார்க்கிற கம்பைலரே கத்தி நிறுத்தும்படி ஓர் அடையாளமும் போட்டாள். அந்த வசதி அந்த மொழியில் எப்போதும் இருந்தது. ஒரு வரி வேலை. இனிமேல் அண்ணி மாதிரி யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ஓடவிட்டாள். கம்பைலர் ஓரிடத்தில் நின்றது. பிரதி வாங்கப்படவில்லை.

அண்ணி எழுதிய வரியாக இருக்கும் என்று நினைத்தாள். இருக்க முடியாது, அதைக் கூட்டம் முடிந்த அன்றே திருத்தியாகிவிட்டது. கோப்பைத் திறந்தாள். அவசரத் தொடர்பு எண்ணைத் திருத்துகிற வரி. எண்ணை மாற்று, பிறகு சேமி. பிரதியை வாங்குகிற கை அங்கே இல்லை. வரிக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயர்.

அவள் பெயர்.

தூக்கிவாரிப்போட்டது. மறுபடி படித்தாள், தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல. ஊருக்கெல்லாம் பலகையில் படம் போட்டுப் பாடம் எடுத்தவள், அதே தப்பை அதே மாதிரி செய்து வைத்திருக்கிறாள். தான் திருத்தாமல் விட்ட பெயரை நம்பித் தானே ஏமாந்திருக்கிறாள். அந்தப் பெண் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். ஓட்டுநரின் கைபேசிக்கு அது போயிருந்தால் மகளுக்கு அழைப்பு போயிருக்கும், வண்டி திரும்பியிருக்கும், எல்லாம் முதல் நாளே முடிந்திருக்கும். முகவரி தவறியிருந்தாலும் அந்த அம்மாவைப் பிடித்து நிறுத்தியிருக்கக்கூடியது அந்த ஓர் அழைப்பு. அது பூட்டின வீட்டுக்குள் அடித்து ஓய்ந்ததற்குக் காரணம் மாறிலி. வேறு யாரும் இல்லை.

மேலாளர் அறைக்குப் போய்க் கணினியைத் திருப்பிக் காட்டினாள். அவர் வரியைப் படித்தார், பெயரைப் படித்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது சார்.”

“நல்லது. சத்தமில்லாம திருத்திடுங்க.”

“மருத்துவமனைக்கு நாம எழுதினது தப்பு சார். அந்தப் பொண்ணு நம்பர் குடுத்திருக்கு. அண்ணி மேல மட்டும் பழியைப் போட்டதும்...”

“இங்க பாருங்கம்மா. அண்ணிக்காகத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கீங்க, மனசு புரியுது. ஆனா ஒரு தப்புன்னா மன்னிப்பாங்க. ரெண்டுன்னா நம்ம மென்பொருளையே தூக்கி எறிஞ்சிடுவாங்க. நாப்பது குடும்பம் இருக்கு இங்க. நீங்க தியாகி ஆகணும்னு மத்தவங்க தெருவுல நிக்கணுமா?”

அவர் அயோக்கியர் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. அதுதான் வம்பு. மாறிலி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள், வரியைத் திருத்தினாள். இந்தத் தடவை சோதனைக்காரனே சரிபார்த்தான். வரியைப் படித்தான், பெயரைப் படித்தான், அவளைப் பார்த்தான். ‘சரி’ என்று அழுத்திவிட்டுத் தன் இருக்கைக்குத் திரும்பினான். அதற்கு அவன் நாலு வார்த்தை கிண்டலாகச் சொல்லியிருக்கலாம்.

விடுமுறை நாள் பிற்பகலில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தான். அண்ணி கட்டில் நிறையக் காய்ந்த துணியைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“வா. அந்தப் பக்கம் தள்ளிட்டு உக்காரு.”

மாறிலி உட்காரவில்லை. “நீங்க எழுதினதை நான் படிக்கவே இல்ல அண்ணி. படிக்காமலே சரின்னு போட்டுட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“அனுப்பிட்டுத் தண்ணி குடிக்க எழுந்தேன். பாட்டிலைத் திறக்கறதுக்குள்ள சரின்னு வந்துடுச்சு. அவ்ளோ வேகமா யாரு படிப்பா?” அண்ணி ஒரு சட்டையை உதறி மடித்தாள். “அன்னிக்கு அந்த ரூம்ல உன் மூஞ்சியத்தான் பார்த்துட்டு இருந்தேன். இப்போ சொல்லுவா, இப்போ சொல்லுவான்னு. நீ போர்டு பக்கம் திரும்பிட்ட.”

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“நான் சொல்லி நீ ஒத்துக்கணுமா?” அண்ணியின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “அதுவும் இல்லாம, நீ எவ்ளோ அழகா விளக்கின தெரியுமா? எனக்கே ஒரு நிமிஷம் மொத்தமும் என் தப்புதான்னு தோணிப்போச்சு. இத்தனை வருஷம் வீட்ல கிடந்து மூளை மழுங்கிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். பஸ்ல வர்றப்போ அதைத்தான் நினைச்சுட்டு வந்தேன்.”

மன்னிப்புக் கேட்க நினைத்து வந்த மாறிலி, அதை மென்று முழுங்கிவிட்டு மீதியைச் சொன்னாள். எண் வரியைச் சொன்னாள். கம்பைலர் நின்ற இடத்தைச் சொன்னாள். மேலாளர் கதவைச் சாத்தியதைச் சொன்னாள்.

அண்ணியின் கை மடிப்பதை நிறுத்தியது.

“அந்தப் பொண்ணு நம்பர் குடுத்துச்சா?”

“குடுத்திருக்கு.”

“அடிப்பாவி” என்றாள் அண்ணி. கத்தவில்லை, மெதுவாகச் சொன்னாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. “நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என் தப்புன்னு சொல்லிட்டாங்களே, போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கலாம்னு. அந்தப் பொண்ணு என்னைத் திட்டக்கூட இல்ல. ‘நம்பர் குடுத்த மாதிரிதான் ஞாபகம். இல்லைங்கறாங்க. மறந்துட்டேன் போல. என் அம்மாவை நானே கொன்னிருப்பேன்’னு சொல்லிச் சொல்லி அழுவுது. நான் தேத்திட்டு வந்தேன், மனுஷங்க மறக்கறது சகஜம்மான்னு. மறக்கவே இல்லியாமே அது!”

மாறிலி அப்போதுதான் கட்டிலில் உட்கார்ந்தாள். மடித்து வைத்த துணி சரிந்தது.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அவள் ஒரு தடவையும் யோசிக்கவில்லை. தன்னையும் அண்ணியையும் மட்டுமே வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் உறுதியாகச் செய்த ஒரு காரியத்தை, செய்யவில்லை என்று அவளையே நம்ப வைத்துவிட்டார்கள். கூட்டத்தில் மாறிலி சொன்ன ஒரே ஒரு வாக்கியம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

அண்ணி எழுந்து தலையை வாரிக்கொண்டாள். “கிளம்பு.”

“எங்க?”

“எங்கன்னு கேக்குற?”

“வேலை போயிடும் அண்ணி.”

“போகட்டும். எனக்குப் போகல?”

வாசலில் செருப்பை மாட்டும்போது மாறிலி கைபேசியை எடுத்து, மருத்துவமனை நிர்வாகத்துக்கும் மேலாளருக்கும் சேர்த்து நடந்ததை எழுதினாள். பழுதான இரண்டு நிரல் வரிகள், பெயரைத் திருத்தாமல் விட்டது யார், படிக்காமல் ஒப்புதல் தந்தது யார், எண் தொலைந்தது யாரால். எழுத எழுத அலங்காரமான வார்த்தைகளாகவே வந்து விழுந்தன. அழித்து அழித்துச் சின்னதாக்கி அனுப்பினாள். அண்ணி கதவைப் பூட்டினாள்.

பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மூக்கில் பிராணவாயுக் குழாய். மகள் ஆப்பிளை மெல்லிசாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும், “மறுபடி எதுக்குங்க அலையறீங்க?” என்றாள்.

“இவ என் நாத்தனார். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று சொல்லிவிட்டு அண்ணி நகர்ந்துகொண்டாள்.

வழியெல்லாம் மாறிலி வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. “நீங்க நம்பர் குடுத்தீங்க” என்றாள். “எங்ககிட்ட வந்துச்சு. நாங்கதான் தொலைச்சோம். நாங்க இல்ல, நான். நான் எழுதினதுலதான் தொலைஞ்சுது. ரெண்டு தடவையும்.”

மகள் கத்தியைக் கீழே வைத்தாள். “என்ன சொல்றீங்க? நான் குடுத்தேனா?”

“குடுத்தீங்க.”

“ரெண்டு தடவையும்?”

“ரெண்டு தடவையும்.”

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். “அம்மா, நான் குடுத்திருக்கேம்மா. மறக்கலம்மா நான்.” சொல்லும்போதே முகம் உடைந்தது. அம்மாவின் கையை எடுத்துக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனேடி, நீ அப்படி மறக்கற ஆளான்னு” என்றாள் அந்த அம்மா, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி.

அழுகை அடங்க நேரமானது. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாறிலியை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“பார்க்கல” என்றாள் மாறிலி. “நான் எழுதினதுல தப்பு இருக்காதுன்னு நினைச்சேன். அதனால திறந்தே பார்க்கல.”

மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. மகள் திட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஒரே நாற்காலியின் மேலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“நீங்க உக்காருங்க” என்றாள் அண்ணியைப் பார்த்து. “அன்னிக்கும் நின்னுட்டே இருந்தீங்க.”

அண்ணி உட்கார்ந்தாள். மகள் நறுக்கிய ஆப்பிளில் ஒரு துண்டை அம்மாவுக்கும் ஒரு துண்டை அண்ணிக்கும் கொடுத்தாள். மாறிலியை யாரும் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.